அம்மா பார்த்த வெள்ளை வட்டம்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், நானும் இல்லை, பிறகு எதற்கு அந்தச் சம்பிரதாயம். போன ஞாயிறு நீ பேசும்போது கேம்பஸில் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டதாகவும், கட்டாரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை கிடைத்திருப்பதாகவும், அடுத்த மாதம் புறப்படுவதாகவும் சொன்னாய். நான் "சரிப்பா" என்றேன். உன் அம்மா போனதிலிருந்து நாம் இரண்டு பேரும் போனில் பேசுகிற அழகு தெரியும்தானே. நான் அழ ஆரம்பித்ததும் நீ பேச்சை நிறுத்திவிடுவாய். நீ பேச்சை நிறுத்தியதும் எனக்கு இன்னும் அழுகை வரும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிக்கிறவனும் நாலு வரி படித்துவிட்டுத்தான் கிழிப்பான்.

நீ அந்த விதை வேலையைத் தொடங்கிய காலத்தை நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். லீவில் லுணுகலைக்கு வந்திறங்கி, பையைக் கூட வைக்காமல், "அம்மா, நம்ம ரோட்டோர நாவல் மரத்துல இப்ப பழம் இருக்கா?" என்று கேட்டாய். பழம் தின்ன ஆசைப்படுகிறாய் என்று நினைத்து அவள் ஒரு பேசின் நிறையப் பொறுக்கி வந்தாள். நீ பழத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கொட்டையை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டாய். மருந்துச் செடிகளின் விதைகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் உன் படிப்பு என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. "தின்னுட்டுத் துப்புறதுக்குள்ள என்னடா இருக்கு?" என்று நான் கேலி செய்தேன். நீ கோபப்படவில்லை. என் தேயிலைத் தொழிலை வைத்தே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். "அப்பா, பெக்டரியில அரைச்ச கொழுந்த விரிச்சு வச்சா காத்துப்பட்டு செம்பு நிறமாகுதுல்ல, அதுதான் ஒட்சியேற்றம். அந்த மாதிரி ஒன்னு நம்ம உடம்புக்குள்ளயும் நடந்து உடம்பக் கெடுக்குது. அதத் தடுக்கிற சத்து இந்தக் கொட்டையில இருக்கு" என்றாய். உன் அம்மா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "புளித்தண்ணியில போட்டா வாழைக்காய் கறுக்காதே, அது மாதிரியா?" என்று கேட்டாள். "அதே மாதிரித்தாம்மா" என்றாய். அவள் முகத்தில் வந்த சந்தோசத்தை நீ கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன். பிள்ளை படிக்கிற பெரிய படிப்பு தன் சட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

அதற்குப் பிறகு அவள் அடித்த கூத்து உனக்கு முழுவதும் தெரியாது. ஒவ்வொரு நாவல் பருவத்திலும் கொழுந்து எடுத்து முடித்து மலையிலிருந்து இறங்கியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பழம் தின்றுகொண்டு நிற்கும். "கீழ துப்பாதீங்க, இதுல துப்புங்க" என்று வாளியை நீட்டுவாள். லயத்து வீடுகளில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் சட்டை செய்யவில்லை. கழுவி, சாம்பல் போட்டுத் தேய்த்து, திரும்பக் கழுவி, கூரைத் தகரத்தில் காயவைத்து, மழை இருட்டினால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அள்ளி வைப்பாள். நீ மாவுப் பையில் கட்டிப் பதுளைக்குக் கொண்டுபோய் ரயில் ஏற்றின கொட்டை எல்லாம் அப்படிச் சேர்த்தவைதான். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்கு வெளியே போதகரிடம் கூட, "மகன் ஆராய்ச்சிக்கு நான்தான் சாமான் அனுப்புறேன்" என்று சொன்னாள். அவர் பாவம், நீ கடை வைத்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு நீ அந்தப் படத்தை அனுப்பினாய். கண்ணாடித் தட்டு, அதில் புகை படிந்த மாதிரி பக்டீரியா, நடுவில் மருந்தில் நனைத்த சின்னக் கடதாசிப் பொட்டு, பொட்டைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம். "அம்மா, இந்த வட்டத்துக்குள்ள கிருமி வர முடியல. இது நீங்க அனுப்பின கொட்டை" என்று எழுதியிருந்தாய். அவள் அந்தப் படத்தைக் காட்டாத ஆள் இந்தத் தோட்டத்தில் இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் காட்டினாள், கடையில் காட்டினாள், பசறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த சிங்கள அம்மா ஒருவருக்கும் காட்டினாள். அந்த அம்மா என்ன விளங்கிக்கொண்டாரோ, தலையைத் தடவி ஆசீர்வாதம் செய்தார். நானும் சும்மா இருக்கவில்லை. பெக்டரியில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் நானும் காட்டினேன். நம் லயத்திலிருந்து போன ஒருவன் கண்டுபிடித்த வட்டம் அது. எப்படிக் காட்டாமல் இருப்பது, நீயே சொல்.

இனி எழுதப்போவது நீ கேட்க விரும்பாதது. நீ கேட்காமல் ஓடுவதால்தான் எழுதுகிறேன். அவள் காலில் அட்டை கடித்தது மழைக் காலத்தில். அட்டைக் கடி நமக்குப் புதிதா, சுண்ணாம்பைத் தடவிவிட்டுப் போகிறவர்கள்தானே நாம். ஆனால் அவளுக்குச் சீனி வியாதி, சொறிந்த இடம் புண்ணாகி ஆறாமல் நின்றது. டிஸ்பென்சரியில் மருந்து கட்டினார்கள், பதுளை கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். ஒரு தடவை போனாள். இரண்டாம் தடவை போகவில்லை. அந்த வாரம்தான் உன்னிடம் போனில், "தம்பி, அந்தக் கொட்டைப் பொடிய எதுல ஊறப் போடுவ?" என்று கேட்டாள். அம்மாவுக்கு உன் வேலையில் அக்கறை என்று நினைத்து நீ சொல்லிக் கொடுத்தாய். மெதனோல் என்று ஒன்று, சாராயம் மாதிரிதான், ஆனால் குடித்தால் கண் போய்விடும், ஊறினதும் வடிகட்டி ஆவியாக்கினால் பசை மாதிரி வரும் என்று பொறுமையாகச் சொன்னாய். புண்ணைப் பற்றி அவள் உன்னிடம் மூச்சு விடவில்லை. நீயாகவே, "மனுசருக்குப் போட ரொம்பக் காலம் ஆகும்மா, முதல்ல தட்டுல பாக்கணும், அப்புறம் எலிக்கு, அதுக்கப்புறம்தான்" என்றும் சொன்னாய். சொன்னாய் தம்பி. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அது உனக்கே மறந்துபோயிருக்கும் என்றுதான் எழுதுகிறேன். போனை வைத்ததும் அவள் சிரித்தாள். "எலிக்குப் போடுறத எனக்குப் போட்டா என்ன, நான் எலிய விடக் கேவலமா?" என்றாள். நீ அடக்கமாகப் பேசுகிறாய் என்று அவள் நினைப்பு. நம் பிள்ளை சின்ன வயதிலேயே அப்படித்தானே, பரீட்சையில் முதலாவதாக வந்தாலும் பரவாயில்லை என்றுதானே சொல்வான் என்றாள்.

அன்று சாயங்காலம் என்னிடம், "இந்தாங்க, ஒரு கால் போத்தல் சாராயம் வாங்கிட்டு வாங்க" என்றாள். யாருக்கு என்று கேட்டேன். எனக்குத்தான் என்றாள். கல்யாணம் கட்டி இத்தனை காலத்துக்குப் பிறகாவது புத்தி வந்ததே என்று நான் சிரித்துக்கொண்டே போய் வாங்கி வந்தேன். கண்ணைக் கெடுக்கிற சாராயம் வேண்டாம், மனுசர் குடிக்கிற சாராயம் என்றால் ஆபத்தில்லை என்று அவள் கணக்குப் போட்டாள். அம்மியில் கொட்டையை அரைத்து, ஜாம் போத்தலில் ஊறப் போட்டு, நான் உடுத்துகிற வெள்ளைச் சாரத்தைக் கிழித்து வடிகட்டி, பீங்கான் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தாள். கறுப்பாகப் பசை வந்தது. கரண்டியால் சுரண்டி எடுத்துப் புண்ணில் போட்டாள். "அவன் அங்க செய்யிறத நான் இங்க செய்யிறேன்" என்றாள். நீ இல்லாத வீட்டில் உன்னோடு சேர்ந்து ஒரு வேலை செய்கிற மாதிரி அவளுக்கு இருந்தது. தடுத்திருக்கலாம் என்று நீ நினைப்பாய். எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் நானும் நம்பினேன்.

கொஞ்ச நாளில் ஒரு காலை வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். "வட்டம் விழுந்துருச்சு, வந்து பாருங்க!" புண்ணைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. நீ அனுப்பின தட்டுப் படத்தைப் போனில் திறந்து காலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஒரே மாதிரி இருந்தது தம்பி, நான் பொய் சொல்லவில்லை. வலிக்குதா என்று கேட்டேன், கொஞ்சமும் இல்லை என்றாள். வலி இல்லாததும் நல்லதற்கு என்று நினைத்தோம். உன் தட்டில் அந்த வட்டம் கிருமி வர முடியாத இடம். அவள் காலில் அது சதை செத்துக்கொண்டிருந்த இடம். சீனி வியாதிக்காரர்களுக்குக் காலில் வலி தெரியாமல் போகும் என்று பிறகு டொக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் அந்த வட்டத்துக்காக ஸ்தோத்திரம் சொன்னோம். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

காய்ச்சல் கண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. அவர்கள் செய்யாத வைத்தியம் இல்லை. காலை எடுத்தார்கள், அதற்குள் விசம் இரத்தத்தில் ஏறிவிட்டது. நீ ரயிலில் வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. நீ அவளுடைய மற்றக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் கதவருகில் நின்று பார்த்தேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து அடுப்படியில் அந்தப் போத்தலைக் கண்டாய். இது என்ன என்று கேட்டாய், சொன்னேன். போத்தலைக் கொண்டுபோய் அழுக்குத் தண்ணி ஓடுகிற கானில் ஊற்றிவிட்டு, ஊற்றின இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். மறுநாள் போனவன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

உனக்கு நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. சொன்னால் உனக்கு இன்னும் வலிக்கும் என்று விட்டுவிட்டேன். காலை எடுக்கக் கொண்டுபோகும் முன் டொக்டர், புண்ணில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி மொழிபெயர்த்தாள். உன் அம்மா அந்த நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்து நல்ல மருந்துதாம்மா, என் மகன் கண்டுபிடிச்சது. நான்தான் சாராயத்துல போட்டுக் கெடுத்துட்டேன். அவன் பேர எழுதிறாதீங்க, படிக்கிற புள்ள" என்றாள். கால் போகப்போகிறது என்று தெரிந்த பிறகு அவள் கெஞ்சியது அதற்குத்தான். நீயோ உன் படிப்புதான் அவளைக் கொன்றது என்கிறாய். அவள் கடைசி வரை அப்படிச் சொல்லவில்லை. இதில் நான் யார் பக்கம் நிற்பேன் என்று நினைக்கிறாய்?

உன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. அந்தப் படத்தை ஏன் அனுப்பினான் என்று வந்தது. நாவல் மரத்தின் மேல் கூட வந்தது, கத்தியை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் நின்றேன். வெட்ட என்ன இருக்கிறது, மரம் என்ன செய்தது. கோபம் போய்விட்டது, துக்கம் மட்டும் போகவில்லை. துக்கம் இருக்கட்டும் தம்பி, அது இருக்கவேண்டிய இடம்தான் இது. ஆனால் துக்கப்படுகிறவன் அடுப்பு மூட்டித்தான் ஆகவேண்டும், வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். இதை நான் இப்போதுதான் பழகுகிறேன். காலையில் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, ஒன்றைத் திருப்பிக் கேத்தலில் ஊற்றுகிறேன். கட்டாருக்குப் போவது குற்றமில்லை. நம் ஆட்கள் எத்தனையோ பேர் போய் உழைக்கிறார்கள். ஆனால் உழைக்கப் போகிறவன் வேறு, ஒளியப் போகிறவன் வேறு. ஒளிகிறவனுக்கு எந்த ஊரும் போதிய தூரமாக இராது.

இதெல்லாம் மனதில் இருந்தாலும் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். எழுத வைத்தது செல்லம்மா. உன் செல்லம்மா சித்தி, அம்மாவுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுத்தவள். அவளுக்கும் சீனி வியாதி என்று உனக்குத் தெரியும். போன வாரம் அவள் நொண்டி நடப்பதைப் பார்த்து வீட்டுக்குப் போனேன். குதிகாலில் புண். ஜன்னலில் ஒரு ஜாம் போத்தல். "இது ஏது?" என்று கேட்டேன். "அக்கா உசுரோட இருக்கயில குடுத்ததுண்ணே. பத்திரமா வச்சிருந்தேன்" என்றாள். உடனே வெளியில் ஊற்று என்று கத்தினேன். அவள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க துக்கத்துல பேசுறீங்க. அக்காவுக்கு மருந்து பிடிக்காமப் போச்சு, அது அவுங்க விதி. தம்பி படத்துல நான் கண்ணால பாத்தேனே, கிருமி வரமாட்டேங்குதே" என்றாள். டிஸ்பென்சரிக்காரர் வந்து சொன்னார். "உங்களுக்குப் பழைய மருந்துதான் தெரியும், இது புதுசா கண்டுபிடிச்சது" என்று அவரையும் அனுப்பிவிட்டாள். உன் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்த பெருமை அப்படியே நிற்கிறது தம்பி. அது தப்பு என்று எடுத்துச் சொல்ல அவளும் இல்லை.

அன்று சாயங்காலம் செல்லம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உனக்குப் போன் எடுத்தேன். அந்தப் போத்தல் என்று நான் ஆரம்பித்ததும் நீ வெட்டிவிட்டாய். திரும்ப எடுத்தேன், போனையே ஓப் செய்துவிட்டாய். அவள் என்னைப் பார்த்து, "பாத்தீங்களா, அவரு ஒன்னும் சொல்லல" என்றாள். நீ பேசாமல் இருந்ததை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ கட்டார் கதை பேசினபோது இதைச் சொல்ல வாய் எடுத்தேன், நீ வைத்துவிட்டாய்.

அதனால் கேட்கிறேன். புறப்படுவதற்கு முன் ஒரு தடவை வா. எனக்காக வேண்டாம், அம்மா கல்லறைக்காகவும் வேண்டாம். செல்லம்மாவின் காலுக்காக வா. அவளிடம் பெரிய விளக்கம் சொல்ல வேண்டாம். தட்டில் கிருமி சாவது வேறு, காலில் புண் ஆறுவது வேறு என்று சொல். இந்தக் கொட்டை மனுசருக்கு ஆகுமா ஆகாதா என்று இன்னும் எனக்குத் தெரியாது என்று சொல். படித்தவன் வாயால் தெரியாது என்று கேட்டால்தான் இவர்கள் நம்புவார்கள். நான் சொன்னால் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் புலம்பல் என்கிறார்கள். தெரியாது என்று சொல்லும்போது உனக்கே அடுத்த கேள்வி மனதில் வரும், அப்படியானால் யார்தான் பார்த்துச் சொல்வது என்று. அதற்கு நீதான் பதில் சொல்லவேண்டும், நான் சொல்லமாட்டேன். ஆகாது என்றே முடிந்தாலும் அதுவும் ஒரு முடிவுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல்தான் உன் அம்மா போனாள்.

செல்லம்மாவோடு நேற்றும் மல்லுக்கட்டினேன். காலில் விரல் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. கையைப் பிடித்து இழுத்தேன், அவள் மருமகன் சண்டைக்கு வந்துவிட்டான். கடைசியில் அவளே இறங்கி வந்தாள். "தம்பி வந்து என் மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்லட்டும்ணே. அவரு வந்து இறங்குற பஸ், திரும்பி பதுளைக்குப் போகும்ல, அதுலயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிர்றேன்" என்றாள். பையில் துணி கூட எடுத்து வைத்துவிட்டாள்.

இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றைக்கே ரயில் ஏறு. எந்த பஸ்ஸில் வருவாய் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் வெள்ளிக்கிழமையிலிருந்து நானும் அவளும் காலையிலேயே லுணுகலை ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்திருப்போம். வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்ப்போம்.

உன் அப்பா